தனியாகக் கேமரா தூக்குபவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்கா சந்தையில் காய் வாங்கும்போது, உறவுக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் என்று ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிங்கப்பூரில் பதினான்கு வருடமாகத் தனியாகச் செய்திக் காணொளிகளும் ஆவணப்படங்களும் எடுக்கிறேன். அதற்கு முன் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் ஐந்து வருடம் ஒயர் சுருட்டினேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். சட்டமும் கட்டணமும் மாறக்கூடியவை. கையெழுத்துப் போடுமுன் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வீடியோ ஜர்னலிஸ்ட்னா என்ன அக்கா? கல்யாண வீடியோ எடுக்குறவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

தொலைக்காட்சியில் நிருபர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் என்று நான்கு பேர் செய்வதை ஒரே ஆள் செய்தால் அவர் வீடியோ ஜர்னலிஸ்ட். காலையில் ஒரு கடை மூடப்படுகிறது என்று தகவல் வரும். மதியம் படம் எடுத்து, மாலை வெட்டி ஒட்டி, இரவுக்குள் இரண்டு மூன்று நிமிடக் காணொளியாகக் கொடுத்துவிட வேண்டும். ஆவணப்படம் அதே கடையின் பின்னால் ஒரு வருடம் போவது. நான் இரண்டையும் செய்கிறேன். முதலாவது வாடகை கட்டுகிறது.

கல்யாண வீடியோவை இளக்காரமாக யாரும் பேசவேண்டாம். ஆரம்பத்தில் நானும் நிறைய எடுத்தேன். தாலி கட்டும் நொடி இரண்டாம் முறை வராது, கெட்டிமேளம் முழங்கும்போது மைக்கின் அளவைக் குறைக்க நேரமிருக்காது. அந்தப் பயிற்சியை எந்தப் பள்ளியும் தராது.

மீடியா படிச்சிருந்தாத்தான் வர முடியுமா? நான் படிச்சது லாஜிஸ்டிக்ஸ்.

முடியும். மீடியா படிக்காமலும் வரலாம். நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ பள்ளி, லசால் போன்ற இடங்களில் படித்தவர்களுக்குக் கிடைக்கும் பெரிய சொத்து கூடப் படித்தவர்கள். பின்னாளில் ஒருவருக்கொருவர் வேலை சொல்லிக்கொள்வார்கள். அந்த வட்டம் இல்லாதவர்கள் ஒரு தயாரிப்புக் குழுவில் உதவியாளராகச் சேர்ந்து அதைச் சம்பாதிக்க வேண்டும். மிடில் ரோட்டில் இருக்கும் அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம் குறுகிய காலப் பயிலரங்குகள் நடத்துகிறது, போய்ப் பாருங்கள்.

சரி, லாஜிஸ்டிக்ஸ் என்று சொன்ன தம்பிக்குத் தனியாக ஒன்று: எந்தச் சாமான் எப்போது எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பாதிப் படப்பிடிப்பு ஏற்கெனவே தெரியும்.

என்ன கேமரா வாங்கலாம்? பட்ஜெட் மூவாயிரம் வெள்ளி.

கேமராவுக்கு அதில் பாதிக்குமேல் போடாதீர்கள். மிச்சத்தில் நல்ல காலர் மைக், ஒரு குழல் மைக், காது முழுதும் மூடும் ஹெட்போன், ஒரு உலர் பெட்டி. மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத பேச்சைப் பொறுக்கமாட்டார்கள். உலர் பெட்டி இல்லாமல் இந்த ஊர் ஈரப்பதத்தில் லென்ஸை அலமாரியில் வைத்தால் சில மாதங்களில் உள்ளே பூஞ்சை கோலம் போட்டுவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும். அதைத் துடைக்காதீர்கள். பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 படங்கள், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கோப்பிக்கடைக் குழல்விளக்குகள் படத்தில் துடிக்காது. 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும். எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடைய மூன்றாவது பிரதி அம்மா வீட்டில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டுக்குள்ள பேட்டி எடுத்தா சத்தம் இரைச்சலா வருது. என்ன பண்றது?

மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, மீன்தொட்டி மோட்டார் மூன்றையும் நிறுத்தக் கேளுங்கள். தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவைப் பேட்டி எடுத்தேன். குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிட்டு, பேட்டி நன்றாக வந்த குஷியில் மறுபடி போட மறந்து கிளம்பிவிட்டேன். மறுநாள் பாட்டி போன் செய்தார். திட்டவில்லை. "மீனெல்லாம் போச்சும்மா" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஸ்விட்சை நிறுத்தும்போதே என் வீட்டுச் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே.

குயிலை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. விடிகாலையில் அடுக்குமாடிப் பக்கம் அது கூவத் தொடங்கினால் பேட்டியைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள். கிளம்புமுன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் சும்மா சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது வேண்டும்.

பொண்ணு பாலிடெக்னிக் முடிச்சிட்டு இதுதான் செய்வேன்னு நிக்கிறா. மாசம் எவ்வளவு வரும்?

இதைக் கேட்பது பெரும்பாலும் அப்பாக்கள். மாதம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. எப்படிக் கணக்குப் போடுவது என்று சொல்கிறேன். கையில் 3,500 வெள்ளி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு, மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க், டாக்சி, கருவித் தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு 900. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, வரி, ஓய்வுக்காலத்துக்கு எடுத்துவைப்பது 700. மொத்தம் 5,100. மாதம் இருபது நாளும் வேலை இருக்கும் என்று நினைப்பவர் நாளுக்கு 255 வெள்ளி போதும் என்று சொல்லிவிடுவார். நிஜத்தில் காசு வரும் நாள் பன்னிரண்டு கிடைத்தாலே நல்ல மாதம். அப்போது நாளுக்கு 425 கேட்டாக வேண்டும். மற்ற நாட்களில் விலை கேட்டவர்களுக்குப் பதில் எழுதுவதும் பில்லுக்குப் பின்னால் ஓடுவதும்தான்.

சம்பள வேலையோடு ஒப்பிடும்போது ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நிறுவனத்தில் 3,500 சம்பளம் என்றால், 55 வயதுக்குட்பட்ட ஊழியருக்கு முதலாளி அதற்கு மேல் 17 விழுக்காட்டை மத்திய சேமநிதியில் போடுகிறார். அது 595 வெள்ளி. தனியாக நிற்பவருக்கு அந்த முதலாளி கிடையாது. நவம்பர், டிசம்பரில் வேலை குவியும், சீனப் புத்தாண்டையொட்டி வறண்டுவிடும். என் அனுபவம் அப்படி. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால் பெண்ணும் தூங்கலாம், அப்பாவும் தூங்கலாம்.

கம்பெனி பதிவு பண்ணியே ஆகணுமா?

அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே தொழில் செய்தால், தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவில் பதிவு செய்யத் தேவையில்லை. 'மல்லிகை மீடியா' என்று பெயர் வைக்க ஆசைப்பட்டால் பதிவு வேண்டும். தனிநபர் நிறுவனத்துக்குப் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி.

பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிக் கணக்கு உண்டு. வருமான வரியை ஏப்ரல் 18க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். தொழிலில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் மெடிசேவ் கட்டியாக வேண்டும். இதை மறந்துவிட்டு மூன்று வருடப் பாக்கியோடு என்னிடம் வந்து புலம்பியவர்கள் இருக்கிறார்கள். பொருள் சேவை வரிப் பதிவு ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான். நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

நான் எஸ் பாஸ்ல இருக்கேன். சனி, ஞாயிறு மட்டும் காசுக்கு ஷூட் பண்ணலாமா?

கூடாது. எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் என்று வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி எதுவானாலும் அட்டையில் இருக்கும் முதலாளிக்கு மட்டும்தான் வேலை. அவர்களுடைய குடும்பத்தினருக்கான டிப்பெண்டண்ட் பாஸில் இருப்பவர்களும் 2021 மே முதல் வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். நண்பன் செய்கிறான், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதீர்கள். மாட்டினால் அவன் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும்.

லிட்டில் இந்தியாவுல கேமராவத் தூக்கிட்டுப் போய் எடுத்துடலாம்ல? பொது இடம்தானே?

நடைபாதையில் கையில் பிடித்தபடி எடுத்தால் பெரும்பாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முக்காலியை விரித்து வழியை மறித்ததும் கேள்வி வரும். சிராங்கூன் சாலை பொது இடம். தேக்கா நிலையத்தின் உள்ளே, அடுக்குமாடியின் கீழ்த்தளம், எம்ஆர்டி நிலையம், பூங்கா எதுவும் அந்த அர்த்தத்தில் பொது இடம் இல்லை. கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்தையும், பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தையும், ரயில் நிலையத்துக்கு அதை நடத்தும் நிறுவனத்தையும் கேட்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் முன்னதாக எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை இருந்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள், அங்கே வாதாட ஒன்றுமில்லை. நீதிமன்ற விசாரணையை உள்ளே பதிவு செய்வதும் குற்றம்.

தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை சுமார் மூன்று கிலோமீட்டர். சாலையோரம் நின்று எடுக்கலாம். கோயிலுக்குள் காவடி கட்டுமிடத்தில் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், அலகு குத்திக்கொள்பவரின் சம்மதமும் வேண்டும். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விரதமிருந்து வந்தவரின் முகத்துக்கு அரையடி தூரத்தில் லென்ஸை நீட்டும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. முதல்நாளே அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசியிருந்தால், காவடி கட்டும்போது அவர்களே எங்கே நிற்கலாம் என்று இடம் காட்டுவார்கள்.

டிரோன்?

250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையம், விமானத்தளம் எதிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும், 200 அடி உயரத்துக்கு மேலே பறக்கவிடவும் அனுமதி வேண்டும். தீவின் வரைபடத்தில் அந்த வட்டங்களைப் போட்டுப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்று புரியும். தொழிலுக்காக என்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தனி அனுமதிகள் உண்டு. நான் உரிமம் வைத்திருப்பவரை ஒரு நாளுக்கு அமர்த்திக்கொள்கிறேன். அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரமும் நல்ல உயரம்தான்.

பேச ஒத்துக்கிட்டவங்க கேமரா வச்சதும் மேடைப் பேச்சு மாதிரி பேசுறாங்க. எப்படி மாத்துறது?

கேம்பல் லேன் பக்கம் பூக்கட்டும் ஒரு பெரியவர். "எப்போ சிங்கப்பூர் வந்தீங்க ஐயா?" என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, "வாழ்வாதாரத்தைத் தேடி இந்தப் பொன்னான நாட்டுக்கு வந்தடைந்தேன்" என்று ஒலிபரப்பு மாதிரி தொடங்கிவிட்டார். இருபது நிமிடம் அப்படியே போனது. தப்பு என்னுடையது. அதுவரை பூவைத் தொட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தச் சொல்லி, அவரை நாற்காலியில் உட்காரவைத்தது நான்தானே.

இரண்டாம் தடவை போனபோது கேமராவைப் பூக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எனக்குக் கட்டச் சொல்லித்தாருங்கள் என்றேன். நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து ஒரு சுற்று. நான் இழுத்ததில் மொட்டெல்லாம் கொட்டியது. "கழுத்த நெரிக்காதம்மா, அது பூ" என்றார். அப்புறம் அவருடைய அம்மா கட்டும்போது பாடும் பாட்டு, அம்மா இறந்த தந்தி வந்த நாள், ஊருக்குப் போகக் காசில்லாமல் இங்கேயே மொட்டை போட்டுக்கொண்டது எல்லாம் வந்தது. அவர் தலை நிமிரவே இல்லை. படத்தில் பாதி நேரம் அந்தக் கைகள்தான். ஆகவே கைக்கு வேலை கொடுங்கள். பதில் முடிந்தபிறகும் ஐந்து நொடி வாயைத் திறக்காமல் இருங்கள், அந்த இடைவெளியில்தான் அடுத்த வாக்கியம் வரும்.

இன்னொன்று. என்னுடைய முதல் சந்திப்பில் கேமரா இருக்காது, இரண்டாவதிலும் பெரும்பாலும் இருக்காது. இந்த ஊரில் நம் ஆட்கள் கொஞ்சம்தான். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடு. நாம் படம் எடுப்பவரை அடுத்த வாரம் கோயிலிலோ மீன் கடையிலோ பார்ப்போம். ஒருவரைக் காயப்படுத்தினால் அடுத்த கதவு திறக்குமுன்பே செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

வெளிநாட்டு ஊழியர்களைப் பத்தி ஒரு டாக்குமெண்டரி எடுக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?

தங்குவிடுதிக்குள் நடத்துநரின் அனுமதி இல்லாமல் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பேசித் தொடங்கலாம். ஆனால் அவர் சரி என்று சொன்னதும் கேமராவை எடுக்காதீர்கள். அவருடைய வேலை அனுமதி ஒரே முதலாளியின் கையில் இருக்கிறது. முகம் தெரிந்தால் என்ன நடக்கலாம், முதலாளி பார்த்தால் என்ன சொல்வார், ஊரில் மனைவி பார்த்தால் என்ன நினைப்பார் என்று நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்தும் சம்மதம் இருந்தால் அது சம்மதம். முகம் காட்டாமல் எடுத்தால் குரல், கழுத்துச் சங்கிலி, பின்னால் தெரியும் லாரியின் பெயர் ஆகியவற்றையும் பாருங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டு நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அப்படியே விட்ட படத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பேட்டிக்குக் காசு கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. மேலே எஸ் பாஸ் கேள்வியில் சொன்ன சட்டம் அவரையும் கட்டுகிறது, சம்பளம் மாதிரி எதையும் கொடுத்து அவரை மாட்டிவிடக் கூடாது. சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன். படம் முடிந்ததும் அவர் குடும்பத்துக்கு அனுப்ப ஒரு பிரதி கொடுப்பேன்.

வேலைய முடிச்சுக் கொடுத்து நாலு மாசமாச்சு. காசு வரல.

எனக்கு ஒரு தடவை ஏழு மாதமானது. கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார், பில் காணோம், முதலாளி வெளியூர் என்று தினம் ஒரு கதை. அதிலிருந்து பாதிப் பணம் கைக்கு வராமல் படப்பிடிப்புக்குத் தேதி கொடுப்பதில்லை, முழுப் பணம் வராமல் நீர்முத்திரை இல்லாத பிரதி கொடுப்பதில்லை. எத்தனை முறை திருத்தம் செய்து தருவேன் என்றும் எழுதிவிடுகிறேன். இரண்டு. மூன்றாவதிலிருந்து கட்டணம். மாமா பையன் நிறுவனமாக இருந்தாலும் இதேதான். மாமா பையன் என்றால் இன்னும் கட்டாயம்.

அப்படியும் வராவிட்டால் டிஏடிஎம் என்ற முத்தரப்பு அமைப்பு சுயதொழில் செய்பவர்களின் பாக்கித் தகராறுகளுக்குச் சமரசம் பேச உதவுகிறது. அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது என்பது நமக்கு நல்லதுதான். எழுத்தில் இருப்பது எல்லாம் சாட்சி, வாட்ஸ்அப்பில் வந்த 'ஓகே'யும் சேர்த்து.

எடுத்துக் கொடுத்த வீடியோ யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்தது அவங்கதானே?

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றியது. முன்பெல்லாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே பதிப்புரிமை போய்ச்சேரும். இப்போது ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் படத்தை உருவாக்கியவருக்கு. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் எடுத்தது முதலாளிக்கு. அதனால்தான் இப்போது ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமையும் எங்களுக்கு' என்ற வரி தவறாமல் வருகிறது. கையெழுத்துப் போடாதே என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு, கேளுங்கள். குறைந்தது, வெட்டி எறிந்த மூலக் காட்சிகளையும் மாதிரிக்குக் காட்டும் உரிமையையும் நீங்களே வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

பேட்டி நடக்கும்போது பக்கத்துக் கடையில சினிமாப் பாட்டு ஓடிச்சு. பரவாயில்லையா?

கடைக்காரரிடம் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பதிவில் ஏறிவிட்டால் உரிமை கேட்டு, இசை நிறுவனத்துக்கும் பாட்டை எழுதியவர் இசையமைத்தவர் தரப்புக்கும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சியும் திரைப்பட விழாக்களும் அந்த அனுமதித் தாளைக் கேட்கும். பேச்சிலிருந்து பாட்டைத் தனியாகப் பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, ஆனால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும்.

ஆவணப்படத்துக்குக் காசு யார் தருவா?

ஒரே இடத்தில் முழுதாகக் கிடைக்காது. வசந்தம் என்ற தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழி 2008இல் முழுநேர ஒளிவழியானது. அங்கே நிகழ்ச்சிகளைத் தயாரிப்பு நிறுவனங்களுக்கே கொடுப்பார்கள், தனிஆள் அந்த நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். திரைப்படங்களுக்கு 1998இல் அமைந்த சிங்கப்பூர்த் திரைப்பட ஆணையம் இருக்கிறது, இப்போது அது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருகிறது. மரபு, பழைய தொழில், கோயில் வரலாறு என்றால் தேசிய மரபுடைமைக் கழகத்தின் மானியங்களைப் பாருங்கள். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிச் சிறு திட்டங்களுக்கு இடமுண்டு.

விண்ணப்பத்தில் 'நம் மரபு அழிந்துவருகிறது' என்று எழுதாதீர்கள், படிப்பவர் அதை நூறு தடவை படித்திருப்பார். யாரை எடுக்கப்போகிறீர்கள், அவரைச் சந்தித்துவிட்டீர்களா, அடுத்த ஆறு மாதத்தில் அவர் வாழ்க்கையில் என்ன நடக்கப்போகிறது என்று எழுதுங்கள். மூன்று நிமிட மாதிரிக் காட்சி பத்துப் பக்கத்துக்குச் சமம். பழைய படங்கள் வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். அங்கே 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழ்ப் பேட்டிகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த ஆகும் கட்டணத்தை முதல் நாளே பட்ஜெட்டில் போடுங்கள்.

இந்தியாவுக்குப் போய் தாத்தா ஊர்ல கொஞ்சம் எடுக்கணும். டூரிஸ்ட் விசா போதும்தானே?

போதாது. ஆவணப்படம் எடுப்பதற்கென்று விசா எடுக்க வேண்டும். மலேசியாவில் என்றால், வெளிநாட்டவரின் படப்பிடிப்புக்கு அனுமதி தரும் புஸ்பால் குழுவின் ஒப்புதல். கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் எடுத்தால் வரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். இங்கே அதைச் சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக சபை தருகிறது. பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொன்றும் 100 வாட்-மணி (Wh) அளவுக்குள் இருந்தால் சிக்கலில்லை.

தணிக்கையில மாட்டுமா? அரசியல் பக்கம் போகாம இருந்தா நல்லதா?

பொதுவில் திரையிடும் படத்துக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரச்சான்று வேண்டும். ஜி முதல் ஆர்21 வரை ஆறு நிலைகள். இவை எதிலும் சேராது என்று முடிவானால் பொதுவில் காட்ட முடியாது. அரசியல் காரணங்களால் நாட்டைவிட்டுப் போனவர்களைப் பற்றிய 'டு சிங்கப்பூர், வித் லவ்' ஆவணப்படத்துக்கு 2014இல் அதுதான் நடந்தது. கட்சி சார்ந்த அரசியல் படங்களைத் திரைப்படச் சட்டம் தடுக்கிறது. அபராதம் ஒரு லட்சம் வெள்ளிவரை, சிறை இரண்டு ஆண்டுவரை போகலாம். 2009இல் கொண்டுவந்த திருத்தம், நடித்துக் காட்டுதலும் அசைவூட்டமும் இல்லாத உண்மைநிகழ்வுப் படங்களுக்கு வழிவிட்டது. விசாரணையில் இருக்கும் வழக்கைப் பற்றிப் பேசினால் 2016ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், பொய்த் தகவல் என்றால் 2019இல் நடப்புக்கு வந்த பொஃப்மா சட்டம் பாயும்.

பயந்து ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கோயில் தேர்தல், சங்கப் பணம், வாடகை ஏற்றம் எல்லாமே ஒருவிதத்தில் அரசியல்தான், அவற்றை எடுக்கலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தாளோ ஒரு பதிவோ கையில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரிடம் எழுத்தில் கேள்வி அனுப்பி, பதில் சொல்ல நாள் கொடுத்திருக்க வேண்டும். சிக்கலான படத்தை வெளியிடுமுன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வழக்கறிஞருக்குக் காசு கொடுப்பது நல்ல செலவு.

தமிழ்ல எடுத்தா யாரு பாப்பா? பேசாம இங்கிலீஷ்ல எடுத்துடலாமா?

ஆள் எந்த மொழியில் கனவு காண்கிறாரோ அந்த மொழியில் எடுங்கள், படத்தின் அடியில் ஆங்கிலத்தில் வசன வரி போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன பூக்காரப் பெரியவரை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் 'யெஸ், நோ'வோடு முடிந்திருக்கும். வசன வரி எழுதும் வேலையை மலிவாகக் கொடுத்துவிடாதீர்கள். நம் ஆட்கள் பேச்சில் மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் எல்லாம் கலந்து வரும். "பசார் போயி ரெண்டு பாக்கெட் தாபாவ் பண்ணேன்லா" என்பதை 'சந்தையிலிருந்து உணவு வாங்கினேன்' என்று எழுதினால் பேசியவர் காணாமல் போய்விடுவார். செந்தமிழாகத் திருத்திப் பேசச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. நான் மாட்டேன் என்று சொல்லி ஒரு வேலையை இழந்திருக்கிறேன், இப்போதும் மாட்டேன்தான்.

படம் முடிஞ்சப்புறம் என் பேட்டிய எடுத்துடுங்கன்னு சொன்னா என்ன செய்வீங்க? கையெழுத்து வாங்கியாச்சே?

கையெழுத்து இருந்தால் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் கேட்கிறார், ஏன் கேட்கிறார் என்று பார்ப்பேன். தோ பாயோ தாத்தா, மீன் கெட்டுப்போன அதே வீடு, தன் தம்பியோடு நாற்பது வருடம் பேசாத கதையைச் சொல்லியிருந்தார். படத்தின் உயிரே அந்த நான்கு நிமிடம்தான். திரையிடலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போன் செய்து, தம்பி மருத்துவமனையில் இருக்கிறான், பார்த்துவிட்டு வந்தேன், அதை எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அவர் துறைமுகக் கொக்கியைக் காட்டும் ஒரு காட்சியை நீட்டிப் போட்டேன். படம் கொஞ்சம் நொண்டுகிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு படத்தில் ஒரு சங்கத்தின் பொறுப்பாளர் உறுப்பினர் பணத்தைப் பற்றிக் கேமரா முன்னால் ஒரு கணக்குச் சொன்னார், பிறகு அதை நீக்கச் சொன்னார். நீக்கவில்லை. அவர் சொன்ன விளக்கத்தையும் சேர்த்து வெளியிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. தேக்காவில் எதிரே பார்த்தால் நண்டுக் கடைப் பக்கம் திரும்பிவிடுகிறார். அவருடைய மனைவி மட்டும், அவர் பார்க்காத நேரத்தில், படம் எப்போது மறுபடி போடுவீங்க என்று கேட்டார்.